மண் அணைச் சரிவுகளும் திரவமாதல் அபாயமும்

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கச்சுப் பகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்தில் சாங், தப்பர், ஃபதேகட், காஸ்வதி முதலிய மண் அணைகள் சேதமுற்றன. சுமார் 15 மீட்டர் உயரமுள்ள சாங் அணை ஏறத்தாழ முற்றிலும் சரிந்தது. வறட்சியினால் நீர்த்தேக்கங்களில் நீர் குறைந்திருந்தமையால் வெள்ளப் பேரழிவு நேரவில்லை. எனினும், நீர்ப்பக்கச் சரிவின் அடியிலிருந்த ஆற்றுப் படிவு மண் நீர் தோய்ந்தே இருந்தது. அம்மண் திரவமானதே சேதத்திற்கு முக்கியக் காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர்.

நெருக்கமின்றிப் படிந்த மணலும் குழைவற்ற வண்டலும் அதிர்வுக்கு உள்ளாகும்போது சுருங்க முற்படுகின்றன. இடைவெளிகளிலுள்ள நீர் உடனே வெளியேற இயலாமையால் அதன் அழுத்தம் உயர்கிறது. மண் துகள்கள் ஒன்றையொன்று தாங்கும் ஆற்றல் குறைந்து, மண் குழம்புபோல் ஒழுகத் தொடங்குகிறது. இதுவே திரவமாதல் எனப்படும்.

இவ்வபாயத்தை மதிப்பிடுவதில் மூன்று படிகள் உள்ளன. முதலாவது, மண்ணை அறிதல். 63.5 கிலோகிராம் எடையுள்ள சம்மட்டியை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழச் செய்து, மாதிரிக் குழாய் 30 சென்டிமீட்டர் இறங்குவதற்கான அடிகள் எண்ணப்படுகின்றன. அடிகள் குறைந்தால் மண் தளர்வானது என்பது பொருள். துகள் அளவும் குழைவுத்தன்மையும் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்படுகின்றன.

இரண்டாவது, நிலநடுக்கம் மண் அடுக்கை நறுக்கி நகர்த்த முற்படும் விசையையும், மண்ணின் எதிர்ப்பாற்றலையும் ஒப்பிடுதல். 1971இல் சீட், இட்ரிஸ் ஆகிய அறிஞர்கள் இதற்கு எளிய முறையொன்றை வகுத்தனர். எதிர்ப்பாற்றலை விசையால் வகுக்கக் கிடைக்கும் ஈவு ஒன்றுக்குக் குறைந்தால் திரவமாதலை எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது, திரவமான பின் எஞ்சும் வலிமை சரிவைத் தாங்குமா எனக் கணித்தல். 1971இல் கலிபோர்னியாவின் கீழ் சான் பெர்னாண்டோ அணையில் அதிர்வு ஓய்ந்த பின்னரே நீர்ப்பக்கச் சரிவு பெயர்ந்தது. அணை உடையாதபோதிலும் சுமார் 80,000 மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

அபாயம் உறுதிப்பட்டால் தளர்மண்ணை அகற்றலாம், இறுக்கலாம், கல் தூண்கள் அமைக்கலாம், சரிவின் அடியில் பாரத் திட்டு சேர்க்கலாம். பணி முடியும்வரை நீர்மட்டத்தைக் குறைத்து வைத்தல் இடைக்காலப் பாதுகாப்பாகும். புணே அருகே கடக்வாஸ்லாவிலுள்ள மத்திய நீர், மின்சக்தி ஆராய்ச்சி நிலையம் போன்ற அமைப்புகளின் ஆய்வுத் திறன் இதற்குப் பயன்படும்.

கச்சு மக்களைக் காத்தது வறட்சி. அடுத்த நிலநடுக்கம் நிறைந்த நீர்த்தேக்கத்தைத் தாக்கக்கூடும். ஆதலின், பழைய அணைகளின் அடிமண்ணை முன்கூட்டியே சோதித்தல் இன்றியமையாத கடமையாகும்.