சிவந்துபோன கல்யாணப் படம்

கேள்வி: 1984-இல் நடந்த அம்மா அப்பா கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்தேன். படமெல்லாம் செம்மண் புழுதி படிந்தாற்போல் சிவந்திருக்கிறது. சிவப்பு ஸ்லைடரைக் குறைத்தால் அப்பாவின் வேட்டியில் நீலம் ஏறுகிறது. அம்மாவின் கூந்தலில் சிவப்பு போகவே இல்லை. கர்வ்ஸில் சரியாகும் என்கிறார்கள். அந்தக் கட்டமும் கோடும் எனக்கு விளங்கவில்லை.
— வாசகி, காரைக்குடி

பதில்: வேட்டிக்கு அதிகமானது கூந்தலுக்குப் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதுதான். கலர் பிரிண்டில் சையான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள். அந்தக் காலத்துக் காகிதங்கள் பலவற்றில், ஆல்பத்துக்குள் மூடியே வைத்திருந்தாலும் சையான் முதலில் மங்கிவிடும். சிவப்பு ஒளியை உள்ளே இழுத்துக்கொள்வது அந்தச் சாயம்தான். கூந்தலில் அது நிறைய இருந்தது, நிறையப் போயிற்று. வேட்டியில் இருந்ததே கொஞ்சம். ஸ்லைடர் இந்த வித்தியாசம் பார்ப்பதில்லை.

கர்வ்ஸ் பார்க்கும். கட்டத்தின் அடிக்கோடு படத்தில் இப்போதுள்ள அளவு: இடது முனை 0, கருப்பு, வலது முனை 255, வெளுப்பு. நிமிர்ந்த கோடு, மாற்றிய பின் வரும் அளவு. மூலைக்கு மூலை நேர்கோடாக இருந்தால் எதுவும் மாறவில்லை என்று பொருள். நடுவில் 128-இல் ஒரு புள்ளி வைத்து 110-க்கு இறக்கினால் அந்த இடமும் அக்கம்பக்கமும் இறங்கும். இரு முனைகளும் அசையாது.

ஃபோட்டோஷாப்போ இலவசமான கிம்ப்போ, கர்வ்ஸைத் திறந்து சிவப்புச் சேனலை மட்டும் தேர்ந்தெடுங்கள். கோட்டுக்குப் பின்னால் மலைபோல் ஒரு வரைபடம் தெரியும். உங்கள் படத்தில் அந்த மலை இடது ஓரத்தில் தொடங்காது, தள்ளித்தான் தொடங்கும். அந்த வெற்றிடம்தான் மங்கிப்போன சையான். கோட்டின் இடது கீழ் முனையைப் பிடித்து, அடிக்கோட்டின் மேலேயே நகர்த்தி, மலையடிவாரத்துக்குக் கொண்டுவாருங்கள். கூந்தல் கருக்கும், வேட்டி ஏறக்குறைய அப்படியே இருக்கும். வலப்புறமும் இடைவெளி இருந்தால் அந்த முனையையும் உள்ளே இழுங்கள். பச்சை, நீலச் சேனல்களுக்கும் இதே வேலை. சிவப்பைக் குறைத்தால் சையான் கூடும், பச்சையைக் குறைத்தால் மெஜந்தா, நீலத்தைக் குறைத்தால் மஞ்சள். இது மட்டும் மனத்தில் இருக்கட்டும்.

முனைகள் சரியான பிறகே நடுப்பகுதியைத் தொடுங்கள். பட்டு வேட்டியை அளவுகோலாக்க வேண்டாம். அதன் நிறமே சந்தனம் கலந்த வெண்மை. அதைத் தூய வெள்ளையாக்கினால் முகங்களில் நீலம் பாய்ந்துவிடும். கூட்டத்தில் யாராவது வெள்ளைப் பருத்திச் சட்டை போட்டிருப்பார்கள். அதில் மூன்று சேனல் எண்களும் கிட்டத்தட்ட ஒன்றாக வரட்டும்.

முகத்தில் சிவப்பு எண் அதிகம், அடுத்து பச்சை, கடைசியில் நீலம். மாநிறமோ கருப்போ சிவப்போ, இந்த வரிசை மாறாது. தயவுசெய்து கோட்டை உயர்த்தி அம்மாவின் முகத்தை மட்டும் வெளுக்கவைக்காதீர்கள். பழைய படங்களைச் சரிசெய்கிறவர்கள் பலர் கேட்காமலே இதைச் செய்துவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. மணவறையில் அன்று அவர் என்ன நிறமோ, அந்த நிறம்தான் நமக்கு வேண்டும்.

முடிந்தால் மறுபடி 16 பிட் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான்; இவ்வளவு இழுத்தால் முகத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் 65,536 படிகள். ஆல்பத்தின் பின்னட்டையில் நெகட்டிவ் உறை இருக்கிறதா என்றும் பாருங்கள். பிரிண்டில் போன நிறம் அதில் மிச்சமிருக்கலாம்.