உள்வாடகையும் வீட்டுப் பஞ்சமும்

ஊர் விட்டு ஊர் வந்த மாணவனுக்கு முதற் கவலை பாடம் அன்று. படுக்க ஓர் இடம். பெங்களூருக்கு வந்திறங்கிய அன்று பெட்டியை எங்கே இறக்கி வைத்தோம் என்று நினைத்துப் பாருங்கள், தோழர்களே! நம்மில் பலர் வேறொருவர் வாடகைக்கு எடுத்திருந்த அறையில்தான் முதன்முதலில் பாய் விரித்தோம். வாடகைக்கு எடுத்தவர் அவ்விடத்தையோ அதில் ஒரு பகுதியையோ இன்னொருவருக்கு வாடகைக்கு விடுவதே உள்வாடகை. அதற்குள்ள தடைகளைத் தளர்த்தினால் வீட்டுப் பஞ்சம் குறையுமா? இதுவே நாம் ஆராய வேண்டிய கேள்வி.

முதலில் சட்டம் கூறுவது யாது என்று காண்போம். ஒப்பந்தத்தில் தடை இல்லையாயின் குத்தகைதாரர் உள்வாடகைக்கு விடலாம் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் நிலை. பின்னர் வந்த வாடகைச் சட்டங்கள் இதனைத் தலைகீழாக்கின. உரிமையாளரின் எழுத்து மூலமான இசைவின்றி உள்வாடகைக்கு விட்டவரை வெளியேற்றக் கர்நாடக வாடகைச் சட்டம், 1999 இடம் தருகிறது. ஆனால் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய பெங்களூர் வீடுகளை அச்சட்டம் தொடுவதில்லை. அந்த வாடகைக்கு இன்று வீடு கிடைப்பது அரிது. எனவே நம்மில் பெரும்பாலோருக்குச் சட்டம் என்பது பதினொரு மாத ஒப்பந்தத் தாளே. ‘உள்வாடகைக்கு விடக்கூடாது’ என்ற வரி அத்தாளில் பெரும்பாலும் இருக்கும். 2021-இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டமும், துணை ஒப்பந்தம் எழுதாமல் உள்வாடகை கூடாது என்றே சொல்கிறது.

உரிமையாளரின் அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. முகம் தெரியாதவர் குடியேறிப் பிறகு வெளியேற மறுத்தால் என்ன செய்வது? இந்த அச்சத்தால் வீட்டைப் பூட்டியே வைப்பவரும் உளர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் ஏறத்தாழ 2.46 கோடி வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. அவை எல்லாம் அச்சத்தால் பூட்டப்பட்டவை அல்ல எனினும், அச்சமும் ஒரு காரணமே.

நிற்க. பீன்யாவுக்கு வருவோம். 1970-களில் எழுந்த இத்தொழிற்பேட்டை நம் மக்கள் பலருக்குச் சோறு போடுகிறது. தறி, கடைசல், வார்ப்பு, ஆயத்த ஆடை என வேலை பல. வேலையாள் தங்கும் அறையோ சில. 2014-இல் மெட்ரோ ரயில் வந்தபின் வெளியிடங்களில் படிப்போரும் பணிபுரிவோரும் இங்கே வீடு தேடலாயினர். பகல் ஷிப்டுக்காரர் எழுந்த பாயில் இரவு ஷிப்டுக்காரர் படுக்கும் அறைகளும் உண்டு. தடை தாளில் இருக்கிறது; உள்வாடகை அறையில் நடக்கிறது.

அத்தகைய ஓர் அறையில் நானும் இருந்தேன். நால்வர் கூட்டிக் கொடுத்த முன்பணம். ஒப்பந்தமோ ஒருவர் பெயரில். அவருக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. போகும்போது முன்பணத்தைத் தாமே பெற்றுத் தம் கடனை அடைத்துவிட்டார். உரிமையாளரிடம் சென்றோம். “உங்களை எனக்குத் தெரியாதேப்பா” என்றார். அவர் சொன்னது பொய் அன்று. தாளில் எங்கள் பெயர் இல்லை. தேர்வுக்கு இரு வாரமே இருந்தது. நண்பர் ஒருவரின் மாடிப்படிக்குக் கீழே அமர்ந்து படித்தேன். தடை எங்களைக் காக்கவில்லை, எங்களை மறைத்தது. அன்று நான் கற்ற பாடம் அதுவே.

இக்கேள்வியை நெடுநாளாக எதிர்கொண்டுவரும் நாடு சுவீடன். அங்கே வாடகை சந்தையில் முடிவாவதில்லை. வீட்டின் பயன்மதிப்பை ஒட்டிப் பேசி முடிவு செய்யப்படுகிறது. வாடகை குறைவு, வரிசை நீளம். தலைநகர் ஸ்டாக்ஹோமில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் பெயர் பதிந்து காத்திருக்கின்றனர். வீடு கிடைக்க ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே வெளியூரார் உள்வாடகையையே நாடுகின்றனர். 2013-இல், சொந்த வீட்டை வாடகைக்கு விடுவோர் தம் முதலீட்டுச் செலவையும் சேர்த்து வாடகை கேட்கலாம் என விதி தளர்ந்தது. ஆனால் வாடகைக்கு இருப்பவர் உள்வாடகையில் இலாபம் பார்ப்பதை 2019-இல் குற்றமாக்கினர். புதுக்கட்டட வாடகையைச் சந்தைக்கு விடும் எண்ணத்தை ஒட்டி 2021 ஜூனில் ஓர் அரசே நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றது. வாடகை அங்கே அத்துணைப் பெரிய அரசியல்! அவர்கள் காலத்தைக் கொடுத்துக் காத்திருக்கின்றனர். நாம் முன்பணத்தைக் கொடுத்து முந்துகிறோம். இரண்டும் இல்லாதவன் இரண்டு ஊரிலும் வெளியேதான் நிற்கிறான்.

விதி தளர்ந்தால் விளைவது என்ன? இரு கலங்களைக் குழாயால் இணைத்தால் நீர்மட்டம் சமமாகும், புதுநீர் பிறக்காது. உள்வாடகையும் அத்தகையதே. காலியாகக் கிடக்கும் அறை, ஊருக்குப் போனவரின் அறை, பெரிய வீட்டின் ஒரு மூலை ஆகியவை செங்கல் இன்றியே உடனே பயனுக்கு வரும். புதிதாக வருபவன் தரும் வாடகை சற்றுக் குறையலாம். ஆனால் உள்வாடகை வரும் என்று தெரிந்தால், முழு வீட்டுக்கு உரிமையாளர் கேட்கும் வாடகை ஏறும். பத்து வீடுகளை மொத்தமாக எடுத்துக் கட்டில் கணக்கில் விடும் இடைத்தரகரும் பெருகுவர். வீடு கட்டாமல் வீட்டுப் பஞ்சம் முற்றும் தீராது என்பது வெளிப்படை.

ஆதலால் தளர்த்துவது நன்று. வெறுமனே தளர்த்துவது தீது. உள்வாடகைக்காரரின் பெயர் தாளில் ஏற வேண்டும். அவர் தருவது, முதல் வாடகையில் அவர் பங்கை மீறக்கூடாது. காரணம் கூறாமல் இசைவை மறுக்கக்கூடாது. முன்பணத்துக்கும் எல்லை வேண்டும். பத்து மாத வாடகை என்பது பெங்களூரின் நெடுநாள் வழக்கம். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று மாதமும், மாதிரிச் சட்டம் இரண்டு மாதமும் போதும் என்கின்றன.

சட்டம் மாறும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த ஆண்டு ஊரிலிருந்து தம்பி தங்கையர் வருவர். அவர்களுக்கு அறை பிடித்துக் கொடுக்கும்போது, “தாளில் உன் பெயர் இருக்கிறதா? கொடுத்த பணத்துக்கு இரசீது இருக்கிறதா?” என்று கேளுங்கள். என்னை அன்று அப்படிக் கேட்பார் இல்லை.