மருந்து கலவாத மாம்பழமும் மாம்பழ வற்றலும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் தென்கிழக்குக் கோடியில், ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்த சிங்காரப்பேட்டை, செங்கம் கணவாயின் மேற்கு வாயிலில் அமைந்த ஊராகும். கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் பெருவழி இவ்வூரை ஊடறுத்துச் செல்கிறது. சரளை கலந்த செம்மண் நிலமும், கோடையில் வறண்ட காற்றும் உள்ள இப்பக்கத்தில் மாமரம் நன்கு காய்க்கிறது. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் வழங்கும் இனமே இம்மாவட்டத் தோப்புகளில் மிகுதி. அதையடுத்து நீலம், செந்தூரா, பங்கனபள்ளி, அல்போன்சா, மல்கோவா, இமாம் பசந்த் ஆகியவையும் உண்டு. கிளிமூக்கும் நீலமும் ஏறக்குறைய ஆண்டுதோறும் காய்க்கும் இயல்புடையவை. பங்கனபள்ளியும் அல்போன்சாவும் ஓர் ஆண்டு மிகுந்து காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்து நிற்பவை. ஆதலால் பரம்பரைக் குடியானவர் கிளிமூக்கை நம்பியே தோப்பு வைத்தனர் என்பதில் வியப்பில்லை.

அந்நம்பிக்கை எப்பொழுதும் பலிப்பதில்லை. கிளிமூக்கின் பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்கே செல்கிறது. கூழ் பீப்பாய்களில் அடைபட்டு அயல்நாடு செல்வதால், அங்கே வாங்குவோர் சற்றுத் தயங்கினாலும் இங்கே தோப்பில் காய் தேங்கிவிடும். 2025-ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வாறே நிகழ்ந்தது. சித்தூர், கோலார், கிருஷ்ணகிரி ஆகிய எல்லைப்புற மாவட்டங்களில் விளைச்சல் மிகுந்திருக்க, முந்தைய ஆண்டின் கூழ் விற்காமல் ஆலைகளில் இருந்தமையால் காயின் விலை அடியோடு சரிந்தது. ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என வரையறுத்து, அதில் 8 ரூபாயை ஆலைகளும் 4 ரூபாயை அரசும் தருமாறு ஏற்பாடு செய்தது. வெளி மாநிலக் காய் சித்தூருக்குள் வருவதும் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தடுக்கப்பட்டது. பறிகூலியும் வண்டிச் சத்தமும் கட்டாமல் காயை மரத்திலேயே விட்டவர் பலர்.

ஒரு பக்கம் இவ்வாறிருக்க, ஓசூரிலும் பெங்களூருவிலும் சென்னையிலும் உள்ள குடும்பங்கள் மருந்து வைத்துப் பழுக்காத பழத்தையும், கந்தகமும் சர்க்கரையும் சேராத வற்றலையும் தேடி அலைகின்றன. காயை வைத்துக்கொண்டு ஆள் தேடுவோரும், ஆள் இருந்தும் நம்பத்தக்க பழம் கிடைக்காதோரும் ஒருவரையொருவர் அறியாமலிருப்பதே இதிலுள்ள குறை. இக்குறை நீங்குவதற்கு இரு தரப்பாரும் சில செய்திகளை அறிந்திருத்தல் அவசியம்.

முற்றிய காயைப் பறித்தல்

மருந்தில்லாமல் பழுக்க வேண்டுமாயின் காய் மரத்திலேயே முற்றியிருக்க வேண்டும். இஃது எளிய உண்மை. ஆயினும் நடைமுறையில் இதுவே முதலில் கைவிடப்படுகிறது. காரணம் குத்தகை முறை. பூவிலோ பிஞ்சிலோ தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர், விலை ஏறியிருக்கும் பருவத் தொடக்கத்திலேயே மரம் முழுவதையும் ஒரே தடவையில் உலுக்கி இறக்கிவிடுகிறார். அக்குவியலில் முற்றியதும் முற்றாததும் கலந்து கிடக்கும். முற்றாத காய் தானே பழுக்காது, சுருங்கிப் போகும். அதற்கு மஞ்சள் நிறம் வரவழைக்கவே மருந்து தேவைப்படுகிறது. ஆகவே மருந்தின் வேர் மண்டியில் இல்லை, பறிப்பில் இருக்கிறது.

முற்றிய காயின் அடையாளங்கள் குடியானவர் அறிந்தவையே. காம்பின் இருபுறமும் தோள் புடைத்துக் காம்பு சற்றுக் குழிந்து நிற்கும். தோலின் கரும்பச்சை வெளிறும். அறுத்துப் பார்த்தால் கொட்டையை ஒட்டிய சதை வெண்மை மாறி மஞ்சள் பாரிக்கத் தொடங்கியிருக்கும். ஐயமுள்ளவர்கள் தொட்டித் தண்ணீரில் காயைப் போட்டுப் பார்க்கலாம். நன்கு முற்றியது மூழ்கும், முற்றாதது மிதக்கும். வலை கட்டிய தொரட்டியால் காம்புடன் பறித்து, தரையில் விழாமல் இறக்கி, காம்பை ஒரு விரற்கடை விட்டு நறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துப் பால் வடியவிட வேண்டும். பால் பட்ட இடத்தில் தோல் கருகி அங்கிருந்தே அழுகல் தொடங்கும். ஒரே மரத்தை இரண்டு மூன்று தடவையாகப் பறிப்பதற்குக் கூலி கூடுதலாகும் என்பது மெய். அக்கூடுதலைப் பழம் வாங்குவோர் ஏற்கத்தான் வேண்டும்.

பழுக்க வைத்தல்

முற்றிய காயை வைக்கோற் பரப்பின்மேல் ஒரே அடுக்காகப் பரப்பி, மேலும் வைக்கோல் மூடிக் காற்றோட்டமுள்ள அறையில் வைத்தால் இனத்துக்கும் வெப்பத்துக்கும் தக்கபடி 5 முதல் 8 நாட்களில் பழுக்கும். எல்லாப் பழமும் ஒரே நாளில் பழுக்காது. நாள்தோறும் பார்த்துப் பழுத்ததை எடுக்க வேண்டும். இதனைத் தொல்லையென்று கருதியே வணிகர் பலர் கார்பைடு கல்லை நாடினர். இக்கல்லில் காற்றின் ஈரம் பட்டால் அசெட்டிலின் என்னும் வாயு எழும்பித் தோலை மஞ்சளாக்கும். தொழிற்சாலைக்கென்று செய்யப்படும் கல்லாதலால் அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சுக் கலப்பும் சிறிதளவு இருக்கும். கார்பைடு வாயுவால் பழுக்கவைத்த பழத்தை விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் (2011) தடை செய்துள்ளன. இத்தடை அதற்கு முந்தைய உணவுக் கலப்படத் தடை விதிகளிலும் இருந்ததே. எத்திலின் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேற்படாமல் அறையில் செலுத்திப் பழுக்க வைக்க 2016-ஆம் ஆண்டில் அனுமதி அளிக்கப்பட்டது. எத்திலின் என்பது பழுக்கும்போது பழம் தானே வெளியிடும் வாயுவாகையால் இதனைக் கார்பைடோடு ஒன்றாக வைத்துப் பேசுவது தவறு. எனினும் வைக்கோலில் பழுத்ததையே விரும்புவோர்க்கு, எம்முறையில் பழுத்தது என்பதை விற்பவர் ஒளிக்காமல் சொல்லிவிடுதலே முறை.

பழத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துக் கார்பைடு என்று உறுதி கூறிவிட இயலாது. முழுதும் ஒரே மஞ்சளாக இருந்து, காம்படியில் மணமின்றி, அறுத்தால் உள்ளே வெளுத்துப் புளிப்பாக இருக்குமாயின் ஐயம் கொள்ளலாம். ஏப்ரல் தொடக்கத்திலேயே மஞ்சள் நீலம் விற்பனைக்கு வந்திருந்தால் ஐயம் இன்னும் வலுக்கும். நீலம் இப்பக்கத்தில் ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் பறிக்கப்படுவது. செந்தூரா முந்தியது, பங்கனபள்ளியும் அல்போன்சாவும் மே மாதத்தவை, கிளிமூக்கு மே இறுதி முதல் ஜூலை வரை வருவது. பருவம் அறிந்து கேட்கிறவரை ஏமாற்றுவது கடினம். தோப்பிலிருந்து நேரே வாங்குவோர், பழுக்காத முற்றிய காயையே பெட்டியில் வருவித்து வீட்டில் பழுக்க வைத்துக்கொள்வது யாவற்றிலும் சிலாக்கியம்.

வற்றல் இடுதல்

விற்காத பழத்தை வீணாக்காமல் காப்பதற்கு உலர்த்துவதே பழமையான வழி. மாங்காயை உப்பிட்டுக் காயவைத்த வற்றல் தமிழ்நாட்டு வீடுகளில் வத்தக்குழம்புக்கென்று பானையில் இருப்பது. பழச்சாற்றைப் பாயில் ஏடேடாக ஊற்றிக் காயவைப்பதை ஆந்திரத்தார் தாண்டிரா என்பர். பழத்துண்டை அப்படியே உலர்த்துவது இவ்விரண்டினும் அண்மையது. நார் குறைந்து, சதை கெட்டியாக உள்ள கிளிமூக்கு இதற்கு ஏற்றது. ஆலைக்காரர் வேண்டாமென்று விட்ட அதே இனம் இங்கே பயன்படுகிறது.

பழம் பழுத்தும் கெட்டியாக இருக்கும் பக்குவத்தில் எடுக்க வேண்டும். குழைந்தது ஒட்டிக்கொண்டு காயாது. பழ ஈயின் புழு உள்ளதும், அடிபட்டதும் அறவே ஆகா. மருந்து சேர்க்காத பண்டத்தில் குறையை மறைப்பதற்கு வழியில்லை என்பதை நினைவிற் கொள்க. நீலம் இனத்தில் கொட்டைக்குள் வண்டு இருப்பது வாலாயம். கொட்டையைத் தாண்டிச் சதைக்கு வந்திராவிட்டால் அதனால் கேடில்லை. கழுவித் தோல் சீவி, துருப்பிடிக்காத எஃகுக் கத்தியால் அரை முதல் முக்கால் சென்டிமீட்டர் கனத்தில் நறுக்க வேண்டும். இரும்பு அரிவாள்மணை பட்ட துண்டு கறுக்கும் என்பதை ஊறுகாய் போட்ட எவரும் அறிவர். நறுக்கியவுடன் எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் சில நிமிடம் நனைத்தெடுத்தால் கறுப்பு ஓரளவு மட்டுப்படும். அதனையும் வேண்டாதார் விட்டுவிடலாம்.

திறந்த வெயிலில் காயவைப்பதற்கு மூங்கில் தட்டுகளைத் தரையினின்று இரண்டடி உயர்த்திப் பரப்பி, மெல்லிய வெள்ளைத் துணியால் ஈயும் தூசியும் படாமல் மூட வேண்டும். மாலையில் பனி இறங்கும் முன் உள்ளே எடுக்க வேண்டும். நல்ல வெயிலில் 3 முதல் 5 நாட்களாகும். மே மாதத்து இடிமழை ஒன்று பெய்துவிட்டால் பாதி காய்ந்த துண்டில் மறுநாளே பூஞ்சணம் பூக்கும். திறந்த வெயிலில் பெரிய அளவில் செய்ய முற்பட்டோர் பெரும்பாலும் இதில்தான் இழந்தனர். ஆகவே நான்கைந்து பேர் சேர்ந்து சூரியக் கூடார உலர்த்தி ஒன்றை அமைத்துக்கொள்வது நன்று. இதற்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் மானியத் திட்டம் உண்டு. கூடாரத்துள் வெப்பம் 55 முதல் 65 டிகிரி வரை இருத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டால் வெளிப்புறம் தோல்போல் இறுகி, உள்ளீரம் அடைபட்டு நிற்கும். பார்வைக்குக் காய்ந்ததாகத் தோன்றி டப்பாவில் கெடுவது இவ்வகையே.

வளைத்தால் ஒடியாமல் வளைந்து, பிய்த்த இடத்தில் ஈரம் கசியாமல், விரலில் ஒட்டாமல் இருப்பது சரியான பதம். உலர்ந்த துண்டுகளை ஒரு வாரம் மூடிய பாத்திரத்தில் வைத்து நாள்தோறும் குலுக்கிவிட்டால் ஈரம் எல்லாத் துண்டிலும் சமமாகப் பரவும். பாத்திரத்தின் மூடியில் நீர் வேர்க்குமாயின் மீண்டும் உலர்த்த வேண்டும். அதன்பின் காற்றுப் புகாத கண்ணாடிக் குப்பியிலோ, உணவுக்கென்று செய்த கெட்டிப் பையிலோ அடைக்கலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு பையைத் திறந்தால் சில நாட்களுக்குள் உண்டு தீர்ப்பது நலம். ஆதலால் சிறு பைகளே ஏற்றவை.

நிறமும் விலையும்

கடைகளில் பளபளவென்று செம்மஞ்சளாக விற்கும் வற்றலுக்கு அந்நிறம் பெரும்பாலும் கந்தகத்தால் நிலைத்ததாகும். பொட்டாசியம் அல்லது சோடியம் மெட்டாபைசல்பைட்டு என்னும் உப்பில் நனைத்தோ, கந்தகப் புகை காட்டியோ அது செய்யப்படுகிறது. அளவுக்கு உட்பட்டு அனுமதிக்கப்பட்டதே எனினும், ஆஸ்துமா உடையோர் சிலருக்கு அது மூச்சிரைப்பை உண்டாக்கும். உறையில் 220 முதல் 224 வரையுள்ள எண் எதுவும் அச்சிட்டிருந்தால் அதனையே குறிக்கும். எதுவும் சேராத வற்றல் நாளடைவில் பழுப்பேறும். அப்பழுப்பைக் கெட்டதென்று எண்ணித் திருப்பியனுப்பும் வாடிக்கைக்காரர், தம்மை அறியாமலே உற்பத்தியாளரைக் கந்தகத்தின் பக்கம் தள்ளுகிறார்.

சர்க்கரை வேறொரு மறைவு. பாகில் ஊறிய துண்டு எடையில் கூடும், மென்மையாகவும் இருக்கும். சர்க்கரை ஏறாத துண்டின் கணக்கு வேறு. 100 கிலோ பழத்தில் தோலும் கொட்டையும் போகச் சதை ஏறத்தாழ 62 கிலோ. அதில் நூற்றுக்கு 82 பங்கு நீர். எஞ்சும் திடப்பொருள் 11 கிலோ. நூற்றுக்கு 15 பங்கு ஈரம் நிற்குமாறு உலர்த்தினால் கிடைப்பது 13 கிலோ. கழிவையும் எண்ணினால் ஒரு கிலோ வற்றலுக்கு 8 கிலோ பழம் வேண்டும். பழம் கிலோ 10 ரூபாய்க்குக் கொண்டாலும் பழத்துக்கே 80 ரூபாய். தோல் சீவும் கூலியும் உலர்த்தியின் தேய்மானமும் உறையும் இதன்மேல் ஏறும். இக்கணக்கைக் காகிதத்தில் எழுதி வாங்குவோருக்குக் காட்டிவிடுவது விலைபேசும் நேரத்தை மிச்சப்படுத்தும். மிக மலிவாக ஒருவர் தருவாராயின், எட்டில் எத்தனை பங்கு சர்க்கரை என்று கேட்டறிய வேண்டியதுதான்.

விற்பனைக்குச் செய்வோர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்று, உறையில் இனம், தோப்பு உள்ள ஊர், உலர்த்திய தேதி, சேர்த்த பொருள் ஆகியவற்றை அச்சிட வேண்டும். எதுவும் சேர்க்கவில்லையெனில் ‘மாம்பழம் மட்டும்’ என்றே எழுதலாம். பூக்கும் பருவத்தில் தத்துப்பூச்சிக்கு மருந்து தெளித்திருந்தால் அதன் பெயரையும் நாளையும் தோப்புக் குறிப்பேட்டில் பதிந்துகொள்ளுதல் நன்று. பழுக்க வைப்பதில் மருந்தில்லை என்பதும், தோப்பில் மருந்தே தெளிக்கவில்லை என்பதும் வெவ்வேறு. வாங்குவோர் இரண்டையும் தனித்தனியே கேட்பர். இனத் தேர்வு, பழ ஈப் பொறி முதலியவற்றில் ஐயமுள்ள இப்பகுதி விவசாயிகள் காவேரிப்பட்டணத்தை அடுத்த பையூரிலுள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம். கூடார உலர்த்திக்கு விண்ணப்பிப்போர் பூ எடுக்கும் தை மாதத்திற்கு முன்பே விண்ணப்பித்தால், மே மாத அறுவடைக்கு அது தயாராக இருக்கும்.