ஸ்ரீநகர் – லே: வானில் ஒரு தொலைவு, சாலையில் வேறொன்று

கேள்வி: ஸ்ரீநகரிலிருந்து லேவுக்கு விமானத் தொலைவுக்கும் சாலைத் தொலைவுக்கும் இவ்வளவு வேறுபாடு ஏன்?

பதில்: ஸ்ரீநகரும் லேவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன. நேர்கோட்டில் அளந்தால் இடைவெளி சுமார் 255 கிலோமீட்டர்; சாலையிலோ ஏறக்குறைய 420 கிலோமீட்டர். இடையில் இமயமலை நிற்பதே காரணம். சாலை பெரும்பாலும் மலையைத் துளைத்துச் செல்வதில்லை. ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பிடித்துக்கொண்டு, தாழ்வான கணவாய் தேடி வளைந்து போகிறது. சோனாமார்க் தாண்டியதும் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் சோஜிலா கணவாய். பிறகு திராஸ், கார்கில். அதற்கப்பால் வரும் ஃபோட்டுலா கணவாய் சுமார் 4,100 மீட்டர் உயரம். இவ்வழியின் உச்சி அதுதான். ஆனாலும் ஓட்டுநர்கள் அதிகம் அஞ்சுவது சோஜிலாவுக்கே. குளிர்காலப் பனியும் பனிச்சரிவும் அதை மூடிவிடும். அங்கே சுரங்கப்பாதை அமைக்கும் பணி நடந்துவருகிறது.

விமானம் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும். சாலைப் பயணிகளில் பலர் கார்கிலில் இரவு தங்கி மறுநாள் லேவை அடைகிறார்கள்.

வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்க, லே 3,500 மீட்டரில் இருக்கிறது. விமானத்தில் சென்றால் ஆக்சிஜன் குறைவுக்குப் பழக உடலுக்கு அவகாசம் கிடைக்காது. தலைவலி, மூச்சுத்திணறல் வரலாம். இறங்கியபின் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு அவசியம். நேரம் இருப்பவர்களுக்குச் சாலையே மேல். சோஜிலா திறந்திருக்கும் கோடைமாதங்களே அதற்கு ஏற்றவை.