டாங்கி செய்யும் ஊரில் யாருக்கெல்லாம் வேலை?

 

ஒன்பதாம் வகுப்புப் பொருளியலில் வேலைவாய்ப்பு பற்றிப் படிக்கிறோம். அதுக்கு ஓர் உண்மையான எடுத்துக்காட்டைத்தான் இங்கே எழுதியிருக்கேன். ராணுவத்துக்குச் செலவாகும் பணம் எல்லாம் எல்லைக்குத்தான் போகும்னு நினைக்கிறோம். அதில் ஒரு பங்கு வெல்டர் வீட்டு அடுப்பங்கரைக்கும் வருது. எப்படின்னு பார்ப்போமா?

ஆவடி

சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர் ஆவடி. அங்கே உள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் இருந்து 1965-இல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. பிறகு அஜேயா, பீஷ்மா, அர்ஜுன் டாங்கிகளும் அங்கே தயாராயின. 2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் படைக்கலத் தொழிற்சாலைகள் 7 அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. அதில் டாங்கி செய்யும் நிறுவனத்துக்குத் தலைமையிடமே ஆவடிதான்.

ஒரு கணக்கு

2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் மார்க்-1ஏ டாங்கிகள் செய்ய ரூ.7,523 கோடிக்கு ஆவடிக்கு ஆர்டர் கிடைத்தது. வகுத்துப் பாருங்க. ஒரு டாங்கிக்குச் சுமார் 64 கோடி! இதனால் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு வாய்ப்பும், சுமார் 8,000 பேருக்கு வேலையும் கிடைக்கும்னு அரசு அப்போது சொன்னது. அது முன்கூட்டியே போட்ட மதிப்பீடு. வேலைக்கு வந்தவர்களை எண்ணிச் சொன்னது இல்லை.

பணம் போகும் வழி

1. நேரடி வேலை: தொழிற்சாலைக்குள் வெல்டிங், கடைசல், பொருத்துதல், மின்வேலை.
2. மறைமுக வேலை: போல்ட், ரப்பர், ஒயர், வார்ப்பு செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள்.
3. இந்த ரெண்டாலும் பிழைப்பவர்கள்: மெஸ், டீக்கடை, வாடகை வீடு, ஆட்டோ.

ஆனா பொருள் வெளிநாட்டிலிருந்து வந்தா பணமும் அங்கேயே போயிடும். முதலில் வந்த அர்ஜுனின் இன்ஜின் ஜெர்மனி நாட்டுடையது. அஜேயா, பீஷ்மா இன்ஜின்களோ ஆவடி இன்ஜின் தொழிற்சாலையில் செய்தவை. எந்தப் பொருளை எங்கே செய்றாங்களோ அங்கேதான் வேலை.

அப்ரண்டிஸ்

தமிழில் ‘தொழில் பழகுநர்’. இதற்கான சட்டம் 1961-இல் வந்தது. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்கணும். மாத உதவித்தொகை உண்டு. முடிவில் தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவாங்க. குறைந்த வயது 14. ஆபத்தான தொழிலுக்கு 18.

முக்கியமா ஒண்ணு. பயிற்சி முடிஞ்சா அதே இடத்தில் வேலை கொடுத்தே ஆகணும்னு சட்டம் கட்டாயப்படுத்தலை. எங்க தெரு அண்ணா ஒருத்தர் ஒரு கம்பெனியில் ஒரு வருஷம் பழகினாங்க. அங்கே வேலை போட்டுத் தரலை. வீட்டில் எல்லோருக்கும் வருத்தம். ஆனா அந்தச் சான்றிதழைக் காட்டித்தான் இப்போ வேறொரு பட்டறையில் லேத் ஓட்டுறாங்க.

ஆர்டர் முடிஞ்சா?

டாங்கியைக் கடையில் வச்சு விற்க முடியாது. அரசு வாங்கினாத்தான் உண்டு. ஆர்டர் குறைஞ்சா, முதல் அடி சிறு பட்டறைக்குத்தான். அதனால ஒரே பொருளை நம்பி இருக்கக் கூடாது. நல்லா லேத் பழகினவங்க டாங்கி பாகமும் கடைவாங்க, பம்புசெட் பாகமும் கடைவாங்க. ஆர்டர் போகும், கைத்தொழில் போகாது.

நமக்கு என்ன?

2018-இல் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் 2019 ஜனவரியில் திருச்சியில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்தும் அதன் மையங்கள். பத்தாவது தேர்ச்சி பெற்றா ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், டர்னர் சேரலாம். ரெண்டு வருஷப் படிப்பு. “அதெல்லாம் ஆம்பளைப் பசங்க படிப்பு”ன்னு வீட்டில் சொல்வாங்க. சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. அறிவியல் பாடத்தில் வரும் வெர்னியர் அளவி, திருகு அளவிதான் டர்னர் கையிலும் இருக்கும். அந்தக் கணக்கு நமக்கும் வரும் தோழிகளே!

சிந்திக்க:
1. நம்ம ஊரில் மறைமுக வேலை எவை? மூன்று எழுதுக.
2. ரூ.7,523 கோடியைப் பள்ளி, மருத்துவமனைக்குச் செலவு செய்தால் எந்தெந்த வேலைகள் வரும்?
3. அப்ரண்டிஸ் சேரும் முன் என்னென்ன கேட்டுத் தெரிஞ்சுக்கணும்?

விடைகளை எழுதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்க.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி