பேஸ்மேக்கர் செக்கப்பும் அதற்குப் பிறகு வரும் உபாதைகளும்

எங்கள் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, இப்போது யாழ்ப்பாணத் தீவகத்தில், வேலணைத் தீவின் சரவணைக் கிராமத்தில் கட்டிக்கொடுத்த மகளோடு இருக்கிறார். அவருக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. சேமலாப நிதி விஷயமாகப் பேசியபோது சொன்னார்: “ஐயா, செக்கப்புக்குப் போனா நெஞ்ச படபடன்னு அடிக்க விடுறாங்க, தல சுத்துது. வந்து ரெண்டு நாளைக்கு ஒடம்பு ஒரு மாதிரி இருக்கு. நல்லாத்தானே இருக்கேன், இனிமே போகல.”

லயங்களிலும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறோம். ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

பேஸ்மேக்கர் என்பது தீப்பெட்டியளவு சின்னப் பெட்டி. காறையெலும்புக்குக் கீழே தோலுக்குள் வைப்பார்கள். அதிலிருந்து வயர் இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போகும். துடிப்பு குறைந்தால் சிறிது மின்சாரம் கொடுத்து அடிக்க வைக்கும். 1958 இல் சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்குத்தான் முதன்முதலாக இதை உடம்புக்குள் வைத்தார்கள். அந்தப் பெட்டி சில மணித்தியாலங்களே ஓடியது. மாற்றி மாற்றி மொத்தம் 26 பெட்டிகள் வைத்து, 2001 இல் 86 வயதில்தான் அவர் காலமானார். இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் 7 முதல் 12 வருஷம் வரை ஓடும். பற்றரி இறங்குவது நமக்கு வெளியில் தெரியாது. செக்கப்பில்தான் தெரியும். “நல்லாத்தானே இருக்கேன்” என்று நிற்பது அதனால்தான் ஆபத்து.

செக்கப்பில் ஊசியும் இல்லை, வெட்டும் இல்லை. கம்பியூட்டரோடு சேர்ந்த ஒரு கருவியை நெஞ்சின் மேல் வைத்து, பற்றரி எவ்வளவு, வயர் சரியா என்று பார்ப்பார்கள். பிறகுதான் அந்தப் படபடப்பு. இதயத்தைக் கொஞ்சம் வேகமாக அடிக்கவிட்டு, மின்சாரத்தைப் படிப்படியாகக் குறைப்பார்கள். எந்த அளவில் இதயம் பெட்டியின் சொல் கேட்காமல் போகிறது என்று அறிவதற்கே இது. அந்த இடத்தில் ஒன்றிரண்டு துடிப்பு தவறலாம், தலை சுற்றலாம். உடனே கூட்டிவிடுவார்கள், சில விநாடிதான். அந்த அளவு தெரிந்தால்தான் பாதுகாப்பாக அதற்கு மேலே வைத்து, பற்றரியையும் வீணாக்காமல் காக்கலாம். தாங்க ஏலாவிட்டால் “சுத்துது” என்று அப்போதே சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வருவது வேறு விஷயம். அன்றைக்கு ஒரு களைப்பு இருக்கும், அது போய்விடும். ஆனால் செக்கப்பில் வேகத்தை மாற்றியிருந்தால், இரவில் இடப்பக்கம் சரிந்து படுக்கும்போது துடிப்பு காதில் கேட்கிற மாதிரி இருக்கும். சில நாளில் பழகும். பழகாவிட்டால் போய்ச் சொல்ல வேண்டும்.

பல பெட்டிகளில் உடம்பின் அசைவைப் பார்த்து வேகத்தைக் கூட்டும் ஏற்பாடு உண்டு. சரவணையிலிருந்து பண்ணைப் பாலத்தால் பட்டணம் போகும் பஸ் குண்டும் குழியுமான றோட்டில் குலுக்கினால், சும்மா உட்கார்ந்திருப்பவரையும் நடக்கிறார் என்று பெட்டி நினைத்துவிடலாம். நெஞ்சு அடிக்கும். மலையில் வேறு மாதிரி: மட்டத்தில் நடக்கும்போது ஒன்றுமில்லை, ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும். கிளினிக்கில் இருப்பவருக்கு நம்முடைய லயம் எந்த உச்சியில் இருக்கிறது என்று தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். வெட்டாமல், அந்தக் கருவியாலேயே திருத்திவிடலாம்.

விலா எலும்புக்குக் கீழே விக்கல் போல் துடித்துக்கொண்டே இருந்தாலும் சொல்ல வேண்டியதுதான். பெட்டி இருக்கும் இடம் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால் எண்ணெய் பூசி வைத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவும். மயங்கி விழுந்தாலோ மூச்சு விட ஏலாமல் போனாலோ 1990 இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

திகதி தவறுவதுதான் பெரிய கஷ்டம். நெடுந்தீவுக்காரருக்குச் சோழகக் காற்றில் படகு ஓடாத நாள் உண்டு. நமக்கு ஒரு பேர் போய்விடுமே என்ற கவலை. தவறினால் ஆறு மாதம் காத்திருக்காமல் அடுத்த கிளினிக் நாளே போய் நிலைமையைச் சொல்லுங்கள். தனியாகப் போகாதீர்கள், முடிந்ததும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு பஸ் ஏறுங்கள். பேஸ்மேக்கர் கார்டையும் கிளினிக் கொப்பியையும் ஒரே பையில் வையுங்கள். கைபேசியைப் பெட்டி இருக்கும் பக்கத்துச் சட்டைப்பையில் போட வேண்டாம். கார்டு தொலைந்தவர்கள் நலன்புரி அலுவலகத்துக்கு வந்தால், கிளினிக்குக்குக் கடிதம் எழுதித் தருகிறோம்.