எட்டாத இடத்து டீசல் ஃபில்டர்

டீசல் காரின் எரிபொருள் வடிகட்டியை, அதாவது பட்டறைகளில் டீசல் ஃபில்டர் என்றே வழங்கும் உறுப்பை, மாற்றுவது இயல்பில் கடினமான வேலை அன்று. குழாய்களைக் கழற்றிப் பழையதை எடுத்து, புதியதைப் பொருத்தி, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினால் அது முடிந்துவிடும். அதைக் கடினமாக்குவது ஃபில்டர் அமர்ந்திருக்கும் இடம். ஒரு கை மட்டும் நுழையும் இடுக்கில், கண்ணால் பார்க்க இயலாமல் விரலால் தடவித் தடவி வேலை செய்யும்போதுதான் குழாய் முனையில் மண் ஒட்டுவதும், ஓ-ரிங் எனப்படும் ரப்பர் வளையம் பிசகி அமர்வதும், பிளாஸ்டிக் இணைப்பிகள் உடைவதும் நேர்கின்றன. ஆகவே ஃபில்டரை மாற்றும் வேலையைவிட அதற்கு வழி திறக்கும் வேலையே பெரியது என்று முதலிலேயே கணக்கிட்டு, அதற்கு வேண்டிய நேரத்தை மனமுவந்து ஒதுக்குவோர்தாம் இதை வீட்டில் பிழையின்றிச் செய்து முடிக்கின்றனர்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்பதற்கு விடை எஞ்சினின் உள்ளே இருக்கிறது. இன்றைய டீசல் கார்களில் உள்ள காமன் ரெயில் முறை என்பது, உயரழுத்த பம்ப் தரும் டீசலை ஒரு பொதுக் குழாயில் அழுத்தத்தோடு தேக்கி, அங்கிருந்து ஒவ்வொரு சிலிண்டரின் இன்ஜெக்டருக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டில் பகிர்ந்தளிக்கும் முறையாகும். பயணியர் கார்களில் அது 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாக அறிமுகமானது. அதன்பின் அந்தக் குழாயில் நிலவும் அழுத்தம் 1,600 பார், 2,000 பார் என்று உயர்ந்துகொண்டே வந்துள்ளது. கார் டயரில் நிரப்பும் காற்றின் அழுத்தம் 2 பாரைச் சற்றே தாண்டுவது என்பதை நினைத்தால் இந்த எண்களின் பொருள் விளங்கும். இத்தகைய அழுத்தத்தில் கசிவின்றி இயங்க வேண்டியிருப்பதால் இன்ஜெக்டரின் அசையும் உறுப்புகளுக்கு இடையிலான இடைவெளி ஒருசில மைக்ரான் அளவிலேயே அமைக்கப்படுகிறது; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மனிதத் தலைமுடியின் தடிமனோ ஏறக்குறைய 70 மைக்ரான். மேலும் பெரும்பாலான கார்களின் உயரழுத்த பம்ப்புக்கு எஞ்சின் ஆயில் செல்வதில்லை, ஓடும் டீசலே அதற்கு மசகு. எனவே கண்ணுக்குத் தென்படாத ஒரு மணல் துகளோ, மசகுத்தன்மை அற்ற ஒரு துளி நீரோ ஃபில்டரைக் கடந்துவிட்டால் அதைத் தடுக்க அடுத்து எதுவும் இல்லை. ஃபில்டருக்குள் டீசல் நுழையும் பக்கத்தை அழுக்குப் பக்கம் என்றும், வெளியேறும் பக்கத்தைத் தூய பக்கம் என்றும் பிரித்து மனத்தில் கொள்வது நல்லது. பணி நெடுகிலும் காக்கப்பட வேண்டியது தூய பக்கமே.

எட்டாத இடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஐரோப்பியச் சாலைகளில் மிகுதியாக ஓடிய இரண்டாம் தலைமுறை ஃபோர்டு ஃபோகஸின் 1.6 லிட்டர் டிடிசிஐ கார். பெஜோ சிட்ரோயன் குழுமமும் ஃபோர்டும் கூட்டாக உருவாக்கிய 1,560 சிசி எஞ்சின் அதில் உள்ளது. அதே எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த 1,399 சிசி டீசல் எஞ்சினைத்தான், சென்னையை அடுத்த மறைமலைநகர் ஆலையிலிருந்து வந்த முதல் தலைமுறை ஃபிகோ தமிழ்நாட்டுச் சாலைகளுக்குக் கொண்டுவந்தது. ஃபோகஸில் ஃபில்டர் எஞ்சினின் பின்புறம், ஃபயர்வால் எனப்படும் தகட்டுச் சுவரை, அதாவது எஞ்சின் அறையையும் பயணியர் அறையையும் பிரிக்கும் சுவரை ஒட்டி, முன்கண்ணாடியின் கீழ்விளிம்பு கவிந்து மூடும் நிழலில் அமர்ந்திருக்கிறது. பானெட்டைத் திறந்து மேலிருந்து நோக்கினால் அதன் ஒரு பகுதியே தெரியும். வளைந்து கைவிட்டு எடுத்துவிடலாம் என்று தோன்றுவது உண்மைதான். ஆனால் வைப்பர் கைகளையும் கவுல் பேனலையும் கழற்றினால் அதே இடம் இரு கைகளுக்கும் கண்ணுக்கும் ஒருசேரத் திறந்துகொள்கிறது. கவுல் பேனல் என்பது கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் புறப்படும் இடத்தை மூடியிருக்கும் நீண்ட பிளாஸ்டிக் மூடி.

வைப்பர் கையைக் கழற்றுமுன், அது ஓய்ந்து நிற்கும் நிலையைக் கண்ணாடியின்மேல் காகித டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ள வேண்டும்; இல்லையேல் திரும்ப மாட்டும்போது ஒரு பல் தள்ளி அமர்ந்து, முதல் மழையிலேயே வைப்பர் கண்ணாடிச் சட்டத்தில் மோதும். மூடியை நீக்கி நட்டைக் கழற்றியபின்னும் கை எளிதில் வராது. எஃகுத் தண்டின் நுண்பற்களும் அலுமினியக் கையும் ஆண்டுக்கணக்கான மழைநீரில் அரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும். நட்டைச் சில சுற்று மட்டும் தளர்த்தி விட்டுவிட்டு, துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துக் காத்திருந்து, கையை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் பெரும்பாலும் விடுபடும், விடுபடாதபோது சிறிய புல்லர் ஒன்றே தகுந்த கருவி. திருப்புளியைக் கண்ணாடியில் ஊன்றி நெம்புவது முன்கண்ணாடியின் விலையைப் பணயம் வைப்பதாகும். கவுல் பேனலின் பிளாஸ்டிக் கிளிப்புகளும் வெயிலில் காய்ந்து முறியும் தன்மை பெற்றிருக்கும் என்பதால் சில புதிய கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைப்பது வீண் செலவாகாது. கழற்றும் ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்துவைப்போர், குழாய் எந்தப் பிடியின் மேலாகச் சென்றது, எதன் அடியில் நுழைந்தது என்று பின்னர் திகைப்பதில்லை.

புதிய ஃபில்டரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே எதையும் கழற்றத் தொடங்க வேண்டும். ஒரே மாடலில்கூடத் தயாரித்த காலத்தைப் பொறுத்து வெவ்வேறு வடிவ ஃபில்டர்கள் பொருத்தப்படுவதுண்டு. கடையில் கார்ப் பெயரை மட்டும் சொல்லாமல் சேசிஸ் எண்ணைக் கொடுத்து வாங்கி, குழாய் முனைகளின் எண்ணிக்கையும் திசையும் பழையதோடு ஒத்துவருகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும். வடிதாளின் தரத்தைக் கண்ணால் அறிய இயலாது, போலியும் அசலும் வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும். ஆகவே விலை மலிவைப் பார்த்து வாங்கும் பொருள்களின் வரிசையில் டீசல் ஃபில்டரைச் சேர்ப்பது தவறு.

டீசல் எளிதில் தீப்பற்றாது என்பது பரவலான நம்பிக்கை, அது ஓரளவே சரி. தீப்பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்ளும் அளவுக்கு எரிபொருள் ஆவியாகும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்பர். ஐரோப்பியத் தர விதி டீசலுக்கு அது 55 பாகை செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும் என்கிறது. இந்தியத் தர விதியான ஐஎஸ் 1460 கேட்கும் குறைந்தபட்ச அளவு 35 பாகை மட்டுமே. வெளியிலேயே அந்த வெப்பம் நிலவும் சித்திரை வைகாசியில், சூடான எஞ்சின்மேல் டீசல் சிந்துவது உண்மையான ஆபத்து. ஆகையால் எஞ்சின் முழுதும் ஆறிய பின்பு, காற்றோட்டமான இடத்தில், பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டே தொடங்க வேண்டும். ஆற விடுவதால் உயரழுத்தக் குழாயின் அழுத்தமும் தணிந்திருக்கும். ஆயினும் பம்ப்பிலிருந்து ரெயிலுக்கும், ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்கும் செல்லும் எஃகுக் குழாய்களை இந்தப் பணியில் தொடவே தேவையில்லை. இயங்கும் எஞ்சினில் அங்கிருந்து பீறிடும் மெல்லிய தாரை தோலைத் துளைத்துத் தசைக்குள் புகக்கூடியது; வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனடி அறுவை மருத்துவம் வேண்டும் காயம்.

ஃபில்டரின் கீழே இருப்பவற்றைப் பழைய துணியாலும் பாலித்தீன் தாளாலும் மூடுவது அடுத்த வேலை. கூலன்ட் ஓடும் ரப்பர்க் குழாய்கள் நீரைத் தாங்கும் ரப்பரால் ஆனவை, டீசல் பட்டு ஊறினால் அவை உப்பி மென்மையாகிவிடும். ஆல்டர்னேட்டருக்கும் பெல்ட்டுக்கும் டீசல் ஆகாது. பிறகு ஃபில்டரின் தலைப்பகுதியையும் குழாய் முனைகளையும், எதையும் கழற்றுவதற்கு முன்பே, தூரிகையாலும் பிரேக் கிளீனராலும் கழுவித் துடைத்துவிட வேண்டும். நூலுதிராத துணியே இதற்கு உகந்தது, பனியன் வேஸ்ட் வேண்டாம். கழற்றிய பின்பு துடைப்பதில் பயன் குறைவு. திறந்த வாயின் ஓரத்திலிருந்து உதிரும் மண் உள்ளேதான் போகும்.

குழாய்களின் முனையில் இருப்பவை குவிக் கனெக்டர் எனப்படும் அழுத்திக் கழற்றும் பிளாஸ்டிக் இணைப்பிகள். இருபுறமும் உள்ள காதுகளை அழுத்திக்கொண்டு இழுத்தால் அவை வர வேண்டும், ஆனால் ஆண்டுக்கணக்கில் நுண்மண் படிந்த இணைப்பி அசையாது. அப்போது இழுக்கும் விசையைக் கூட்டுவது இயல்பாக எழும் தவறு. இணைப்பியை முதலில் ஃபில்டரை நோக்கி உள்ளே தள்ள வேண்டும். அவ்வாறு தள்ளும்போது பூட்டின்மேல் உள்ள இறுக்கம் தளர்ந்து காதுகள் முழுதாக அமுங்குகின்றன, அமுங்கிய நிலையிலேயே சற்றுச் சுழற்றி நேராக இழுத்தால் மெல்லிய ஒலியோடு விடுபடும். காது முறிந்துவிட்டால் அது தனியாகக் கிடைப்பது அரிது, குழாயையே முழுதாக மாற்ற வேண்டி வரும். விடுபட்ட முனைகளைத் திறந்தபடி விடாமல் புதிய ஃபில்டரோடு வரும் பிளாஸ்டிக் மூடிகளாலோ, தூய கையுறையின் விரல்களை வெட்டி மாட்டியோ உடனே அடைத்துவிட வேண்டும்.

பழைய ஃபில்டரின் அடியில் நீர் உணரி இருந்தால், அதாவது தேங்கிய நீரின் மட்டம் உயரும்போது டாஷ்போர்டில் விளக்கெரியச் செய்யும் சிறு சாதனம் இருந்தால், அதைக் கழற்றிப் புதியதில் மாட்ட நேரும். அப்போது பழைய ஓ-ரிங்கை மீண்டும் பயன்படுத்துதல் கூடாது. புதிய வளையத்தில் தூய டீசலைத் தடவிப் பொருத்தினால் அது முறுக்கிக்கொள்ளாமல் அமரும். புதிய ஃபில்டரை டீசலால் நிரப்பிவிட்டுப் பொருத்தும் பழக்கம் பழைய எஞ்சின்களிலிருந்து வந்தது; காமன் ரெயிலில் வாகனக் கையேடு அனுமதித்தால் மட்டுமே அதைச் செய்யலாம். அனுமதித்தாலும் நுழைவாய் வழியாகவே ஊற்ற வேண்டும். தூய பக்கத்தின் வாயில் கேனிலிருந்து நேரே ஊற்றினால், வடிகட்டப்படாத டீசல் பம்ப்புக்குப் போய்விடும், ஃபில்டர் மாற்றியதன் நோக்கமே கெட்டுவிடும்.

இனிக் காற்று. டீசல் குழாயில் காற்று தேங்கி எரிபொருள் ஓட்டம் தடைபடுவதை மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பர். டேங்கில் மின்பம்ப் உள்ள கார்களில், பேட்டரியை மீண்டும் இணைத்து, எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை ஆன் நிலையில் வைத்துச் சற்றுப் பொறுத்து, அணைத்து, இப்படிப் பலமுறை செய்தால் பம்ப்பே ஃபில்டரை நிரப்பிவிடும். மின்பம்ப் இல்லாமல் எஞ்சினே டீசலை உறிஞ்சும் கார்கள் பலவற்றில் ஹேண்ட் பிரைமர் எனப்படும் ரப்பர்க் குமிழ் இருக்கும், அதைக் கல்லாக இறுகும்வரை பிசைய வேண்டும். இரண்டும் இல்லாத கார்களில் கையால் இயக்கும் வாக்குவம் பம்ப்பை ஃபில்டரின் வெளிவாயில் பொருத்தி டீசலை இழுப்பதே முறை. இவற்றைச் செய்யாமல் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறுவது ஒருபுறம், மசகின்றி வெறுமே சுழலும் உயரழுத்த பம்ப் தேய்வது அதைவிடப் பெரிய இழப்பு. காற்றை நீக்கிய பின்பும் ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையே ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுப்பது நல்லது.

எஞ்சின் கிளம்பி நன்றாக ஓடுவதும், எங்கும் ஈரம் தென்படாததும் வேலை சரியாக முடிந்ததற்குச் சான்று ஆகிவிடா. உறிஞ்சும் முறையில் ஃபில்டருக்குள் நிலவுவது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம். அங்கே இணைப்பில் நுண்ணிய இடைவெளி இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அத்தகைய கார் பகலில் குறையின்றி ஓடும், இரவு முழுதும் நின்ற பின்பு காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் கிளம்பும், ஏனெனில் நிற்கும் நேரத்தில் காற்று புகுந்து குழாயிலுள்ள டீசல் டேங்குக்கு இறங்கிவிடுகிறது. பம்ப்புக்குள் செல்லும் வழியில் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் டீசல் குழாய்த் துண்டைத் தற்காலிகமாக இணைத்துப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது தெரியும். இதனால்தான் கவுல் பேனலையும் வைப்பரையும் அன்றே மாட்டாமல், மறுநாள் காலைக் குளிர்ந்த எஞ்சின் முதல் முயற்சியிலேயே கிளம்புகிறதா என்று பார்த்த பிறகு மாட்டுவதை அனுபவமுடையோர் வற்புறுத்துகின்றனர். மழைக்காலத்தில் இது இயலாது என்பதால் வேலைக்கு நாள் குறிக்கும்போதே வானிலையையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

காத்திருக்கும் அந்த இரவு பழைய ஃபில்டரில் எஞ்சிய டீசலை ஆராய உகந்தது. அதைச் சுத்தமான கண்ணாடிக் குவளையில் ஊற்றி அசையாமல் வைத்தால் நீர் அடியில் தனியே பிரிந்து நிற்கும். கணிசமான நீர் இருப்பின் டேங்கைக் கழுவ வேண்டும் என்றும், வழக்கமாக டீசல் நிரப்பும் இடத்தை மாற்ற வேண்டும் என்றும் பொருள். நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் கரிய கொழகொழப்பு தெரிந்தால் அது அங்கு வளரும் நுண்ணுயிர்களின் வேலை. குவளையை வெளிச்சத்தில் சாய்க்கும்போது வெள்ளிப்பொடி போன்ற மினுமினுப்புத் தெரிந்தால் செய்தி பெரியது. பம்ப்பிலிருந்து டேங்குக்குத் திரும்பும் டீசலோடு உலோகத் துகள் சுழன்று வருகிறது, உயரழுத்த பம்ப் உள்ளே தேயத் தொடங்கிவிட்டது, புதிய ஃபில்டர் அதைத் தீர்க்காது என்பதே அதன் பொருள். அந்தக் காரைத் தொடர்ந்து ஓட்டாமல் டீசல் பம்ப் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

ஃபில்டரை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என்பதற்குத் தயாரிப்பாளரின் சர்வீஸ் புத்தகமே அளவு. பல கார்களில் அது 30,000 முதல் 60,000 கிலோமீட்டர்வரை வேறுபடுகிறது. மாற்றிய தேதியையும் ஓடோமீட்டர் எண்ணையும் ஃபில்டரின் உடலில் அழியாத மையால் எழுதிவைத்தால் அடுத்து அங்கே கைவைப்பவருக்கு உதவும். பழைய ஃபில்டரையும் வடித்த டீசலையும் சாக்கடையிலோ மண்ணிலோ போடாமல், இறுக மூடிய டப்பாவில் அடைத்து, கழிவு எண்ணெயைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.